ரப்பர் ஷீட்டுக் கூரை

மூன்றாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், கடைசி வீட்டுக்கும் மரவள்ளிப் பாத்திக்கும் நடுவே, நான்கு தூண்கள் ஒரு வருஷமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தன. மேலே சட்டங்கள் மட்டும் கட்டியிருந்தது. கூரை இல்லை, சுவர் இல்லை. யாரோ ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொண்டது போல இருக்கும் பார்ப்பதற்கு.

தூண்களை நட்டவன் அம்மாசி. மலாயாவில், கோலா கெத்திலுக்கு மேற்கே இருந்த ரப்பர்த் தோட்டத்தில் புகைவீட்டு வேலை அவனுக்கு. வெட்டிக் கொண்டுவரும் பாலெல்லாம் ஸ்டோரில் உறைந்து, ஷீட்டாக அழுந்தி, கடைசியில் அவன் கைக்குத்தான் வரும். மூங்கிலில் தொங்கவிட்டு, நாள்கணக்கில் புகை காட்டி, சுண்ணாம்பு போல வெளுத்திருந்த ஷீட்டைத் தேன் நிறமாக்கி வெளியே அனுப்புவான். ஜப்பான்காரன் வந்தபின் ரப்பரைக் கேட்பாரில்லை. புகைவீட்டைப் பூட்டிவிட்டார்கள். அம்மாசியின் இடது கால் பல வருஷங்களுக்கு முன் புகைவீட்டுச் சூளையில் வெந்து சுருங்கிப் போனது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தவர்கள் அந்தக் காலைப் பார்த்துவிட்டு அவனை லாரியில் ஏற்றாமல் விட்டுப் போனார்கள். லயத்தில் பாதி வீடுகளில் அப்போது ஆண்பிள்ளைகளே இல்லை.

ஆட்டுக்கொட்டகை போடலாம் என்றுதான் சென்ற வருஷம் அவன் குழி தோண்டினான். அப்போது அவன் மனைவி மருதம்மாளுக்கு ஏழாம் மாதம். ஐப்பசியில் ஆண் குழந்தை பிறந்தது. பதினோராம் நாள் மூச்சு இழுத்து இழுத்து அடங்கிப் போயிற்று. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் குழி தோண்டித் தூண் நட்டதால் வந்த வினை என்று லயமே பேசியது. அம்மாசி யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. பாராங்கத்தியைக் கூரை இடுக்கில் செருகியவன் அப்புறம் அதைத் தொடவில்லை.

மருதம்மாளுக்கு வேறொரு கணக்கு இருந்தது. லயத்துக் கூரைத் தகரத்தில் பாதியைப் பட்டாளத்துக்காரர்கள் கழற்றிக்கொண்டு போன வருஷம் அது. ஓட்டை விழுந்த இடத்தில் அத்தாப்பு ஓலையைச் செருகியிருந்தார்கள். படுக்கைப் பலகையை எந்த மூலைக்கு இழுத்தாலும் சொட்டு பின்னாலேயே வந்தது. பதினோரு நாளும் குழந்தையின் துணி ஒரு முறைகூடக் காயவில்லை. அவள் கண்ணால் பார்த்தது தண்ணீரை. தூண் வந்து பிள்ளையின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்ததை அவள் பார்க்கவில்லை.

இப்போது மறுபடியும் ஆவணி. மறுபடியும் ஏழாம் மாதம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பட்டாளம் குடியிருந்தது. பிரசவம் என்றால் அதே வீடு, அதே பலகை, அதே சொட்டு.

ஒருநாள் மத்தியானம் மருதம்மாள் போய் அந்த நான்கு தூண்களுக்கு நடுவில் நின்றாள். கையை விரித்துப் பார்த்தாள். ஒரு பலகையும், ஒரு கணப்புச் சட்டியும், இராசாத்தி அக்கா உட்கார ஒரு முக்காலியும் போட இடம் இருந்தது.

"என்னாங்க," என்றாள். "மழைக்குள்ள இதுக்குக் கூரை போட்டுருவோம்."

மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மாசி நிமிரவில்லை. "எதுக்கு?"

"எனக்குத்தான். இங்கதான் பெத்துக்கப் போறேன்."

"ஏ புள்ள, பைத்தியமா உனக்கு? இந்த நாலையும் புடுங்கி அடுப்புல வைக்கணும்னு நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"புடுங்குனா குழி விழும். புள்ளத்தாச்சி வீட்டுல குழி ஆகாதே, மறந்துட்டீங்களா?"

அம்மாசி கத்தியையும் கிழங்கையும் போட்டுவிட்டு எழுந்து போனான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "நீ என்னா வேணாலும் செய். என்னைய மட்டும் கூப்புடாத. என் கை பட்டா வெளங்காது."

அன்று சாயங்காலமே செய்தி இராசாத்திக்கு எட்டிவிட்டது. லயத்தில் பிரசவம் பார்ப்பவள் அவள்தான். புருஷன் சயாமுக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. நீளமான வாய், நேர்த்தியான கை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏன்டி, புள்ளத்தாச்சி வீட்டுல ஆணி அடிக்கப் போறியாமே?"

"அடிக்கலக்கா. ரோத்தான் பெரம்பு வச்சுக் கட்டப் போறேன்."

"நெலை வைக்கணுமே? அது மட்டும் ஆகுமா?"

"நெலையும் இல்ல, கதவும் இல்ல. சாக்குத் தொங்கவுடுறேன். குழியும் பழைய குழிதான். சொல்லுங்க, இன்னும் என்னா சட்டம் இருக்கு?"

இராசாத்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ அலோர் ஸ்டார் கோர்ட்டுல கறுப்புக் கோட்டுப் போட்டு நிக்க வேண்டியவ லா. தப்பிப் போயி பால் வெட்ட வந்துட்ட."

"அக்கா, மூங்கில் பொளக்க ஒரு கை குடுங்க."

"பாத்தியா, பாத்தியா! திட்ட வந்தவள வேலைக்குச் சேர்த்துட்டாளே!"

ஆனாலும் அவள் மறுநாள் வந்தாள். இருவரும் ஆற்றோரத்து மூங்கிலைப் பிளந்து, பாய் முடைவது போல முடைந்து, மூன்று பக்கமும் நிறுத்தி ரோத்தானால் இறுக்கிக் கட்டினார்கள். களிமண்ணும் சாணமும் குழைத்துச் சுவரிலும் தரையிலும் பூசினாள் மருதம்மாள். குனிய முடியாதபோது உட்கார்ந்துகொண்டே நகர்ந்து நகர்ந்து மெழுகினாள். புரட்டாசி பிறந்தபோது சுவர் இருந்தது. மேலே வானம் இருந்தது.

அத்தாப்பு கிடைக்கவில்லை. மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் பின்னிய ஓலையெல்லாம் பட்டாளத்துக் கொட்டகைகளுக்கே போய்க்கொண்டிருந்தது. லாலான் புல் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. மருதம்மாள் இரண்டு நாள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பார்வை கீழே இறங்கி, லயத்துக்குப் பின்னால் நின்ற ரப்பர் மரங்களில் போய் நின்றது. மரவள்ளி நடுவதற்காக வெட்டிச் சாய்க்கச் சொல்லிச் சிவப்பு மை பூசிவிட்டிருந்த மரங்கள். வெட்டு விழாமல் ஒரு வருஷம் ஓய்ந்து கிடந்ததால் மடி கட்டிய மாடு போலப் பாலோடு நின்றன.

பால் வெட்டுவதில் அவளை மிஞ்ச, காலையில் பெயர் கூப்பிடும் அந்தப் பிரட்டில் ஆள் கிடையாது. விடியற்காலையில் உளியை எடுத்துக்கொண்டு போனாள். பத்து மரத்தில் ஒரு வாளி நிறைந்தது. உறைய வைக்கக் காடி கிடைக்காத காலம். மீந்து புளித்த கள்ளை ஊற்றினாள். மண்ணெண்ணெய்த் தகரத்தை நீளவாக்கில் பிளந்து தட்டாக்கி, அதில் உறைந்ததைப் பலகைமேல் போட்டுக் காலால் மிதித்து, போத்தலை உருட்டி அழுத்தினாள். ஸ்டோர் மெஷினில் வருவதைவிடக் கொஞ்சம் தடிப்பு. ஆனால் ஷீட் ஷீட்டுதான். எட்டு நாளில் ஐம்பது சேர்ந்தது. ஈரம் சொட்டச் சொட்ட ஒவ்வொன்றாகக் கழியில் தூக்கி, சட்டத்தின்மேல் போட்டு முடித்தாள். வெள்ளைவெளேரென்று ஒரு கூரை. காலைச் சூரியனில் அது மின்னியபோது, கடல் தாண்டி எங்கோ பனி விழும் ஊரில் இருக்கும் வீடு போலத் தோன்றியது.

மத்தியானத்துக்குள் அந்த ஊர் மறைந்துவிட்டது. வெயில் ஏற ஏற ஷீட்டுகள் இளகி, சட்டத்துக்குச் சட்டம் நடுவே தொந்தி போட்டுத் தொங்கின. நாற்றம் லயத்தின் முன்வாசல்வரை வந்தது. மூன்று மணிக்கு ஒரு சின்ன மழை. தண்ணீர் அந்தத் தொந்திகளில் தேங்கியது. ஒரு தொந்தி நீண்டது, இன்னும் நீண்டது, பிறகு பிய்ந்துகொண்டு, கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த மருதம்மாளின் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டியது.

லயத்துப் பெண்கள் சிரித்த சிரிப்பு ஆஸ்பத்திரிப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். "மருதம்மா கூரையில தோச ஊத்தியிருக்கா, திருப்பிப் போட மறந்துட்டா!" என்றாள் ஒருத்தி. இராசாத்திகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மருதம்மாள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தலைமயிரில் ஒட்டிய ரப்பரைப் பிய்த்துக்கொண்டே யோசித்தாள். இருபது வருஷமாகப் பாலோடு கிடப்பவள். ஆனால் அவள் வேலை ஸ்டோர் வாசலில் நிறுவையோடு முடிந்துவிடும். வாளியைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். அதற்கப்புறம் பாலுக்கு என்ன நடக்கிறது என்று வெட்டுக்காரர்கள் யாரும் போய்ப் பார்த்ததில்லை. உள்ளே இருந்தவன் ஒருவன்தான்.

அவன் வீட்டுப் பின்கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. வாய் ஏதோ சொல்ல வந்து மூடிக்கொண்டது.

"சொல்லிப்புடுங்க," என்றாள் மருதம்மாள். "வாயில வச்சுக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படுறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"நான் நாளைக்கும் பால் வெட்டுவேன். மறுபடியும் போடுவேன். இதே மாதிரி ஒழுகும். மறுபடியும் வெட்டுவேன். ஐப்பசி வரைக்கும் இதான் வேலை. பேறுகாலம் வந்தாலும் உளியக் கையில வச்சுக்கிட்டே பெத்துக்குறேன்."

அம்மாசி அந்தத் தொங்கும் கூரைக்குக் கீழே வந்து நின்றான். பிய்ந்த ஷீட்டில் ஒரு துண்டை எடுத்து மோந்தான். விரலால் இழுத்தான். பதினெட்டு வருஷப் பழக்கம் அவன் விரலில் தானாக விழித்துக்கொண்டது.

"பச்ச ஷீட்டக் கொண்டுபோயி வெயில்ல போடுவாங்களா? புகை காட்டாத ஷீட்டு வெறும் மாவு. புகை குடிச்சாத்தான் அது தோலாவும்."

"அப்ப காட்டுங்க."

"நான் கட்ட மாட்டேன்னு சொல்லியாச்சு."

"யாரு கட்டச் சொன்னா? நெருப்பு வைக்கத்தானே சொல்றேன். புகைவீட்டுல நெருப்பு வைக்கிறது உங்க வேலை. இது வீடு இல்லங்க. புள்ள பொறக்கிற வரைக்கும் இது புகைவீடு."

இராசாத்தி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "கோர்ட்டுல சேர்த்துருக்கணும் இவள."

மருதம்மாள் மறுபடி எட்டு நாள் பால் வெட்டிப் புதிதாக ஐம்பது ஷீட் சேர்த்ததும், அம்மாசி ஒரு தகர டிரம்மைப் பாதியாக அறுத்துக்கொண்டு வந்தான். கெட்டுப்போன ஷீட்டுகளை அகற்றச் சொன்னான். சட்டத்தின்மேல் வாழையிலையும் நனைத்த சாக்கும் போட்டுப் புகை தப்பாமல் மூடச் சொன்னான். புது ஷீட்டுகளை உள்ளே மூங்கில் கழிகளில் தொங்கவிடச் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான், எதையும் தூக்கவில்லை. டிரம்மில் பச்சை ரப்பர் விறகை அடுக்கி நெருப்பு வைத்தது மட்டும் அவன் கை. தீ எழும்பினால் தண்ணீர் தெளித்தான், தணிந்தால் ஊதினான். சுவாலை தெரியக் கூடாது, புகை நிற்கக் கூடாது. பொழுது சாய்ந்தபின் நெருப்புத் தெரிந்தால் பட்டாளம் வரும் என்பதால் பகலில் மட்டும் புகை. ஐந்து நாள் வேலை பத்து நாளாக இழுத்தது. கரி பூசிய முகத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாசி ஒரு வருஷத்துக்குப் பிறகு சீட்டியடித்தான். தான் அடிக்கிறோம் என்று தெரியாமலே அடித்தான்.

புகை போட்ட ஏழாம் நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சுப்பிரமணியம் வந்தார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதிலிருந்து தோட்டத்தை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாளம் கூப்பிடும்போதெல்லாம் குனிந்து குனிந்து அவருக்கு இடுப்புப் பிடித்துப் போயிருந்தது.

"அம்மாசி! என்னாடா இது புகை? ஆபீஸ் ஜன்னல்ல நின்னா தெரியுது. ரப்பர் திருடிப் புகை போட்டு விக்கிறான்னு எவனாச்சும் சொல்லிட்டா என் தலை போவும். அணைச்சுடு."

முன்பெல்லாம் கிராணி முன்னால் அம்மாசிக்குக் குரலே வராது. இப்போதும் எழுந்து நின்றான், தலைப்பாகையை அவிழ்த்தான். ஆனால் தண்ணீர் வாளியை மட்டும் காலால் பின்னால் தள்ளிவிட்டான்.

"இன்னும் மூணு நாள் இருக்குங்க ஐயா. இப்ப அணைச்சா அத்தனையும் பூஞ்சை புடிச்சுப் போவும்."

"போனா போவட்டும்! என்னா இது, எதிர்த்துப் பேசுற?"

"அணைக்க முடியாதுங்க."

மருதம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் வந்தாள். "ஐயா, மரம் நீங்க வெட்டிப்போடச் சொன்ன மரம். உள்ள ஒருக்கா வந்து பாருங்க. அப்புறம் அணைக்கச் சொன்னா நானே அணைக்கிறேன்."

அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாக்கை விலக்கித் தலையை நீட்டினார். இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஷீட்டுகள் பால் விட்ட தேநீர் நிறத்துக்கு வந்திருந்தன. மருதம்மாள் ஒன்றை உருவியெடுத்து நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்தாள். இராசாத்தி ஒரு செம்புத் தண்ணீரை அதில் ஊற்றினாள். நால்வரும் காத்திருந்தார்கள். கீழே ஒரு சொட்டு விழவில்லை.

கிராணி தொண்டையைச் செருமினார். "மழைக்குத் தாங்குமா?"

"பாருங்களேன் ஐயா."

"என் பங்களா சமையல்கட்டுலயும் ஒழுகுது," என்றார் மெதுவாக. சைக்கிளைத் திருப்பினார். நாலடி போய் நின்றார். "எவனாச்சும் கேட்டா, மாட்டுக்குக் கொசு விரட்டுறோம்னு சொல்லு."

"எந்த மாடுங்க ஐயா? இங்க மாடே இல்லியே?"

"ஏதாச்சும் ஒரு மாடு, போ!"

பத்தாம் நாள் ஷீட்டுகள் இறங்கின. கையில் எடுத்தால் தோல் போல இருந்தது. வெயிலுக்கு நேரே பிடித்தால் விரல்கள் மறுபக்கம் தெரிந்தன. வாழையிலையையும் சாக்கையும் அகற்றிவிட்டு, கீழ் வரிசையிலிருந்து மேலாக, நாலு விரல் அளவு ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி போட வேண்டும் என்றான் அம்மாசி; இணைப்பில் பச்சைப் பால் தடவி அழுத்த வேண்டும், அதுதான் பசை. இராசாத்தி முக்காலியில் ஏறி நின்று இரண்டு பக்கச் சரிவையும் முடித்தாள். முகட்டு வரிசை மட்டும் அவள் கைக்கு எட்டவில்லை. யாராவது சட்டத்தின்மேல் ஏறியாக வேண்டும். இராசாத்தி ஏறினால் சட்டம் கீழே வரும். அது அவளே சொன்னது.

பாலிங் மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்றில் மண் வாசனை.

மருதம்மாள் ஏணியை இழுத்துச் சாய்த்தாள். ஒரு ஷீட்டைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் படியில் காலை வைத்தாள். வயிறு ஏணியில் முட்டியது. உடம்பை ஒருக்களித்துக்கொண்டு இரண்டாம் படி ஏறினாள்.

"எறங்கு," என்றான் அம்மாசி.

"மழை வருதுங்க."

"எறங்குன்னு சொல்றேன் இல்ல!"

"நீங்க ஏற மாட்டீங்க. அக்காவால முடியாது. அப்ப யாரு?"

அம்மாசி ஏணியைப் பிடித்துக்கொண்டான். "நான் தொட்டு, மறுபடியும் ஏதாச்சும் ஆச்சுன்னா..."

மருதம்மாள் படியில் நின்றபடியே திரும்பினாள். "போன வருசம் நீங்க தூணையே பார்த்துக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. நான் சொட்டப் பார்த்துக்கிட்டு இருந்தேன். கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஒரு சொட்டு, அவன் தலமாட்டுல. ராப்பகலா கையக் குடையா வச்சுப் புடிச்சேன். கைதான் ஓஞ்சுபோச்சு. தூணு ஒண்ணும் பண்ணல அவன. கூரை இல்லாததுதான் பண்ணுச்சு. நீங்க ஆரம்பிச்சது தப்பில்ல. பாதியில வுட்டதுதான் தப்பு."

முதல் காற்று வந்து வேலியோர வாழையைச் சாய்த்தது. அம்மாசி வேட்டியை மடித்துக் கட்டினான். அவளைக் கையைப் பிடித்து இறக்கினான். சுருங்கிய காலை முதலில் வைத்து, நல்ல காலால் உந்தி, சட்டத்தின்மேல் ஏறி உட்கார்ந்தான். இராசாத்தி ஷீட்டுகளை நீட்ட நீட்ட வாங்கி, பால் தடவி, உள்ளங்கையால் அறைந்து அறைந்து ஒட்டினான். கடைசி ஷீட்டை அவன் அழுத்தியபோது முதுகில் மழை விழ ஆரம்பித்திருந்தது.

மூவரும் உள்ளே ஓடி நின்று அண்ணாந்து பார்த்தார்கள். தகரக் கூரை மழைக்குக் கூச்சல் போடும். ஓலைக் கூரை முணுமுணுக்கும். இது ஒரு சத்தமும் போடவில்லை. தூரத்தில் யாரோ மெத்தையைத் தட்டுவது போல ஒரு மெல்லிய ஒலி, அவ்வளவுதான். மருதம்மாள் கையைக் குவித்து நீட்டிக்கொண்டு ஒவ்வொரு மூலையாகப் போய் நின்றாள். நெடுநேரம் நின்றாள். கை காய்ந்தே இருந்தது.

ஐப்பசி இரண்டாம் வாரத்தில் அந்த அறையில் பெண் குழந்தை பிறந்தது. மழை மூன்று நாள் விடாமல் பெய்த வாரம் அது. கணப்புச் சட்டி கனிந்துகொண்டிருந்தது. கொடியில் துணி காய்ந்தது. ஜப்பான்காரன் இந்தச் சீமையைச் சயாமுக்குக் கொடுத்துவிட்டான், அலோர் ஸ்டாரில் சயாம் கொடி ஏறிவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். இராசாத்தி, "ஏறட்டும், வெந்நீர் கொண்டா," என்றாள். பத்தாம் நாள் போயிற்று. பதினோராம் நாள் முழுக்க அம்மாசி சாக்குத் திரைக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டு நின்றான். உள்ளே வரச் சொன்னதற்கும் வரவில்லை, வீட்டுக்குப் போகவும் இல்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் வெயில் அடித்தது. கூரை வழியாகத் தேன் நிறத்தில் ஒரு வெளிச்சம் இறங்கி, அறையையும், பலகையையும், தூங்கும் குழந்தையின் முகத்தையும் நிரப்பியிருந்தது. மருதம்மாள் திரையை விலக்கி அவனுக்குக் காட்டினாள். அவன் போய், பழைய பெட்டிகளில் பிடுங்கி வைத்திருந்த ஆணிகளைக் கல்லில் வைத்து நிமிர்த்த ஆரம்பித்தான்.

பதினாறு கழிந்து, தலைக்கு ஊற்றி, தீட்டுப் போனது. மறுநாள் விடிந்ததும் அம்மாசி பலகைகளும் சுத்தியலுமாக வந்து நின்றான். நிலையை நிறுத்தினான். வாயில் நாலு ஆணி. முதல் ஆணியை வைத்து ஓங்கி ஓர் அடி அடித்தான்.

உள்ளே குழந்தை திடுக்கிட்டு வீரிட்டது. அம்மாசியின் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. சென்ற வருஷத்துக் குழந்தை பூனைக்குட்டி போலத்தான் அழும். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது. இது லயம் முழுக்கக் கேட்டது. நாலாம் வீட்டிலிருந்து இராசாத்தி, "யாருடா அது, புள்ளயக் கிள்ளுறது?" என்று சத்தம் போட்டாள்.

"நிறுத்திட்டீங்களா?" என்றாள் மருதம்மாள் உள்ளேயிருந்து.

"அழுவுறாளே..."

"அழுவட்டும். நெஞ்சு நல்லா இருக்கு, அழுவுறா. நீங்க அடிங்க."

அம்மாசி அடித்தான்.